கறுப்புப் பூனைக்கு ஓட்டோவைத் திருப்பின பிள்ளை

வா மோனை, இரு. ஹம்டன் லேனிலை கறுப்புப் பூனை குறுக்காலை ஓடினதெண்டு ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு வீட்டை வந்திட்டியாம்? நேர்முகப் பரீட்சையும் போச்சாம். அது பாவம், மீன் கடைக்கு நேரமாச்செண்டு ஓடியிருக்கும். நீயேன் திரும்பினனீ?

மாசாமாசம் தலைக்குக் கறுப்பு மை பூசிறாய். அது வடிவு. பூனையின்ரை கறுப்பு மட்டும் சனியனோ?

கேள். மயிர் முளைக்கிற குழிக்குள்ளை நிறம் போடுற கலங்கள் இருக்கு. அதுகளிலை ஒரு வாங்கி, படிச்சவை எம்.சி.1.ஆர். எண்டுவினம். ஓமோன் வந்து அதிலை ஒட்டினால் கலம் கறுப்புப் போடும். ஆனால் வெள்ளவத்தையிலை மற்றவன் வரமுந்திக் காரை விட்டு இடம் பிடிக்கிறாங்களே, அந்த மாதிரி அகூட்டி எண்டொரு புரதம் இடையிலை வந்து குந்திவிடும். ஓமோனுக்கு இடமில்லை. கறுப்பு நிண்டு மஞ்சள் விழும். அகூட்டி விலகத் திரும்பவும் கறுப்பு. கொட்டாஞ்சேனைச் சாம்பல் வரிப்பூனையின்ரை மயிர் ஒண்டை வெளிச்சத்திலை பிடிச்சுப் பார். ஒரே மயிரிலை கறுப்பு, மஞ்சள், கறுப்பு. ஆர் பூசினது? எந்தச் சலூன்?

கறுப்புப் பூனைக்கு அந்த அகூட்டி மரபணுவிலை ரெண்டெழுத்து விடுபட்டுப்போச்சு. 2003இலை கண்டுபிடிச்சவை. மறிக்க ஆளில்லை, அடி துடங்கி நுனி மட்டும் கறுப்புத்தான். தாயிட்டையும் தேப்பனிட்டையும் அந்தப் பழுது வந்தால்தான் குட்டி கறுக்கும். அதாலை ரெண்டு வரிப்பூனைக்கும் கறுப்புக்குட்டி பிறக்கும். ஒருத்தரும் சூனியம் வைக்கத் தேவையில்லை. ரெண்டெழுத்துக்குப் பயந்தோ ராசா உத்தியோகத்தை விட்டனீ?

ஆசியாவின்ரை கருஞ்சிறுத்தையிலும் அகூட்டிதான் பழுது. புள்ளி எங்கையும் போகேல்லை, வெயில் சரிவாப் பட்டால் தெரியும். எங்கடை நாட்டிலை 2019இலைதான் வனசீவராசிகள் திணைக்களம் உயிரோடை ஒண்டைக் கமராவிலை பிடிச்சது. 2020 மே மாசம் நல்லதண்ணி, லக்சபான தோட்டப் பக்கம் ஒண்டு கம்பிச் சுருக்கிலை மாட்டிச்சுது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பாத்தும் செத்துப்போச்சு. அவ்வளவு அருமையான சாமான், ஒரு முழக் கம்பியிலை போச்சு.

அட்டன் பக்கம் உனக்குச் சிநேகிதப் பொடியள் இருக்கினமெல்லே? தோட்டத்துக்குள்ளை கம்பி கட்டிக் கிடக்கிறதைக் கண்டால் பேசாமல் போகாமல் திணைக்களத்துக்கு அறிவிக்கச் சொல்லு.