எது உசத்தி?

கேள்வி: மகள் ஆராய்ச்சி மாணவி. குரோமாக்ஸ், லாம்ப்ஸ், ஓப்பன்ஃபோம் என்று வீட்டில் தினமும் பேர் அடிபடுகிறது. எல்லாம் இலவச மென்பொருளாமே! எது உசத்தி?
– ஒரு வாசகி, மர்பி டவுன், பெங்களூரு.

பதில்: மூன்று மாப்பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துக் கேட்கிற மாதிரி கேட்கிறீர்களே! பெண் கணினியில் எதன் அசைவை ஆராய்கிறாள் என்பதல்லவா முதல் கேள்வி? தண்ணீரில் நெளியும் புரதம் என்றால், நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் பிறந்த குரோமாக்ஸ். அந்த வேலையில் அசுர வேகம். உலோகம், பாலிமர், மணல் துகள் என்று கண்டதிலும் கை வைப்பவள் என்றால் அமெரிக்க சாண்டியா ஆய்வகத்தின் லாம்ப்ஸ். எப்படி வளைத்தாலும் வளையும். காற்றோட்டம், நீரோட்டத்துக்கு 2004இல் திறமூலமான ஓப்பன்ஃபோம். அதில் இடத்தைச் சிறு கட்டங்களாக்கும் வலைக்கண்ணி பின்னி உருப்படியான விடை வாங்குவதற்குள் விடிந்துவிடும். இலவசம் என்றது பணத்துக்குத்தான், தூக்கத்துக்கு இல்லை.

உங்கள் ஊர்ச் சரக்கையும் மறக்க வேண்டாம். இந்திய அறிவியல் கழகத்தின் ஃபணி மோட்டமர்ரி குழுவும் மிச்சிகன் பல்கலைக்கழகமும் சேர்ந்து வளர்க்கும் டிஎஃப்டி-எஃப்இ, எலக்ட்ரான்களைக் கணக்கிடும் மென்பொருள். அதை வைத்துச் செய்த ஆய்வுக்கு 2023இல் மீத்திறன் கணினி ஆய்வுக்கான கார்டன் பெல் பரிசே கிடைத்தது. நரம்பு செல்லைக் கணினியில் இயக்கிப் பார்க்க, பெல்லாரி சாலையில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் (என்.சி.பி.எஸ்.) 'மூஸ்' இருக்கிறது. தரவிறக்கும்போது மட்டும் ஜாக்கிரதை! அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வகத்திலும் அதே பெயரில் ஒன்று உண்டு; அணு உலைக்காரர்களுடையது. மாற்றி இறக்கினால் மூளைக்குப் பதில் யுரேனியம் சூடாகும்.