பாகூருக்கு எத்தனை ‘ஓ’? தேடலியலில் ஓர் எழுத்தின் பங்கு

மாணவர் ஆய்வின் தரத்தைத் தீர்மானிப்பது நூலகமா, நெறியாளரா, உழைப்பா என்று கல்வியாளர்கள் நெடுங்காலமாக வழக்காடி வருகிறார்கள். மூன்றுமே இல்லை, ஆங்கில எழுத்தான ‘ஓ’தான் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். ஆய்வுக்களம் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள். கருவிகள், 2004 நவம்பரில் வந்த கூகுள் ஸ்காலரும் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்காவும்.

முதலில் ‘ஓ’வின் பூர்வீகம். பிரெஞ்சு எழுத்தில் வெறும் ‘யூ’வுக்கு வேறு ஒலி. நம் ‘ஊர்’ அவர்கள் வாயில் ஊராக ஒலிக்க வேண்டுமானால் அதற்கு முன்னால் ஒரு ‘ஓ’ நின்றாக வேண்டும். அப்படித்தான் வில்லியனூரும் பாகூரும் ஆளுக்கொரு ‘ஓ’ பெற்றன. 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆட்சி கைமாறியது. கொடி எல்லா இடத்திலும் இறங்கியது, ‘ஓ’ மட்டும் அப்படி இறங்கவில்லை. வில்லியனூர் அதை உதறிவிட்டது. பாகூர் அலுவல் எழுத்தில் இன்றும் வைத்துக் காப்பாற்றுகிறது. 2006-இல் பாண்டிச்சேரி புதுச்சேரியானபோது ஆங்கிலத்தில் இன்னொரு ‘ஓ’ கழிந்தது. பல்கலைக்கழகமோ பழைய பெயரை விடவில்லை. இவ்வளவு கணக்கும் தெரியாமல் தேடுபெட்டியில் கைவைப்பது, நாள் பார்க்காமல் நாற்று விடுவதற்குச் சமம்.

இனிச் சான்று. பாகூர் மாணவி ஒருத்தி தன் ஊரின் கல்வி வரலாற்றைத் தேடுகிறாள் என்று கொள்வோம். பெயர்ப்பலகையில் உள்ளபடி ஒற்றை ‘ஓ’ போட்டால் அவள் போய்ச் சேருவது பெரும்பாலும் ஏரி, நெல், நிலத்தடி நீர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் அவ்வூர் வித்யாஸ்தானத்துக்கு, அதாவது அந்தக் காலத்துக் கல்லூரிக்கு, சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்று மூன்று கிராமங்களை எழுதிவைத்த செப்பேடு எபிகிராஃபியா இண்டிகாவின் 18-ஆம் தொகுதியில் ‘ஓ’ இல்லாத பாகூராக உட்கார்ந்திருக்கிறது. சரி, ‘ஓ’வை எடுத்துவிட்டுத் தேடலாமென்றால் அங்கே ஹீப்ரு இலக்கண அறிஞர் எலியா பஹூர் எதிர்ப்படலாம். 1549-இல் காலமானவர், பாகூர்ப் பக்கம் வந்தவரல்லர். இரண்டு ‘ஓ’ போட்டாலோ துப்பாக்கிச் சத்தம்: 1752-இல் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரை முறியடித்த போரைப் பழைய படை வரலாறுகள் சில அப்படித்தான் எழுதின. ஆகவே சுழி ‘ஓ’வுக்குப் பல்லவர், ஒன்றுக்கு நீர்ப்பாசனம், இரண்டுக்குப் போர். வில்லியனூரிலும் இதே கதைதான். பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் தேடினால் 1760-இல் ஆங்கிலேயர் பிடித்த கோட்டை. இன்றைய எழுத்தில் தேடினால் கிணற்றுத் தண்ணீரின் உப்பு.

தப்பாகத் தட்டினால் கூகுளே திருத்திக்கொள்ளுமே என்பார்கள். அந்தக் கருணை ஊரறிந்த சொற்களுக்கு. ஒரு கொம்யூனின் பெயர் எழுத்துப்பிழையா, தனிப் பெயரா என்று அதற்கு எப்படித் தெரியும்? தமிழிலேயே தட்டினால் ‘ஓ’ வழக்கே எழாதே என்பது இதைவிடக் கனமான தடை. ஆனால் செப்பேட்டைப் பதிப்பித்தவர் ஆங்கிலத்தில் எழுதினார், கோட்டைக் கணக்கைப் பிரெஞ்சுக்காரர் பிரெஞ்சில் எழுதினார். தமிழில் வந்த ஆய்வேடுகளிலும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை பல. திரையில் அவை நல்ல தமிழாகத் தெரியும்; நகலெடுத்து ஒட்டினால் கேள்விக்குறிகளும் ஆங்கில எழுத்துகளும் கொட்டும். தேடுபொறி படிப்பது அந்தக் கொட்டலைத்தான். எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்ற எண்ணிக்கையைப் பார்த்து நல்லதைப் பொறுக்கலாம் என்பவர்கள் மொய் நோட்டைப் புரட்டிப் பார்க்கட்டும். பெரிய தொகை எழுதியவர் பெரும்பாலும் திருப்பிச் செய்கிறவராகத்தான் இருப்பார். செயற்கை நுண்ணறிவைக் கேட்கலாமே என்றால், அது இல்லாத கட்டுரைக்கும் தலைப்பு, ஆண்டு, பக்க எண் எல்லாம் கொடுத்துவிடும். ‘ஓ’ மட்டும் சரியாக இருக்கும்.

எனவே பாகூர் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தலைப்பை நெறியாளரிடம் காட்டும் முன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் உங்கள் ஊரின் எழுத்துக்கூட்டல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொள்ளுங்கள், மூன்றோடு நிறுத்திவிடாதீர்கள். செப்பேட்டில் ஊர்ப் பெயர் வாகூர். அதில் தொடக்க எழுத்தே வேறு.