இளவரசி இன்னும் சிறையில்தான்

வீட்டுக்குப் புது லேப்டாப் வந்தால் மனிதர்கள் உருப்படியாக ஏதாவது செய்வார்கள். வரவு செலவு எழுதுவார்கள், பத்திரங்களை ஸ்கேன் செய்து வைப்பார்கள். எனக்கு ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ விளையாடத் தோன்றியது.

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் பயபக்தியோடு நுழைந்தவரா நீங்கள்? அப்படியென்றால் அந்த வெள்ளை உடைக்காரனைத் தெரிந்திருக்கும். மாஸ்டர் டீ குடிக்கப் போனதும் டிபேஸ் பாடத்தை மூடிவிட்டு அவனை ஓட விடுவோம். ஒரு மணி நேரத்துக்குள் இளவரசியை மந்திரி ஜாஃபரிடமிருந்து மீட்க வேண்டும். மாஸ்டரோ பத்து நிமிடத்துக்கு மேல் டீ குடித்ததே இல்லை. எங்கள் பேட்சில் அவள் மீண்டதாகச் சரித்திரம் கிடையாது.

ஜோர்டான் மெக்னர் என்பவர் 1989-ல் ஆப்பிள் டூ கணினிக்காக எழுதியது அது. அடுத்த வருடம், அன்றைய பிசிகளை இயக்கிய டாஸுக்கு வந்தது. தன் தம்பியை ஓடவும் தாவவும் விட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்து ஒவ்வோர் அசைவாக வரைந்தாராம். என் தம்பி ரேஷன் கடைக்கே நடக்க மாட்டான். நான் கேம் எழுதாததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த விளையாட்டை நண்பர் ஒருவர் பென்டிரைவில் கொடுத்தார். மொத்த விளையாட்டும் ஒரு பிளாப்பிக்குள் அடங்கிவிடும். சித்தப்பா தினமும் அனுப்பும் காலை வணக்க வீடியோ அதைவிடப் பெரியது. கிளிக் செய்தேன். இது இந்தக் கணினியில் ஓடாது என்றது விண்டோஸ். விளையாட்டு 16 பிட், விண்டோஸ் 64 பிட். ஃபிளாட்டுக்குப் பேரனைப் பார்க்க வந்த தாத்தாவை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்துவானே, அப்படி நிறுத்திவிட்டது.

“டாஸ்பாக்ஸ் போடுங்கப்பா” என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள், தலையைத் தூக்காமல். புதுக் கணினிக்குள் ஒரு பழைய கணினியை நடிக்க வைக்கும் மென்பொருள். 2002 முதல் இருக்கிறதாம். போட்டேன். கறுப்புத் திரையில் இசட் என்ற எழுத்து மட்டும் கண்சிமிட்டும் கோட்டோடு நின்றது. ‘மவுண்ட்’ என்று அடித்து ஃபோல்டரைக் காட்ட வேண்டுமாம். நானோ ஃபோல்டருக்கு ‘பழைய விளையாட்டுகள்’ என்று தமிழில் பெயர் வைத்திருந்தேன். டாஸுக்கு எட்டெழுத்துக்குள் அடங்கிய ஆங்கிலப் பெயர்தான் ஆகும். வாழ்நாளில் நான் தமிழ்ப்பற்றைக் காட்டிய ஒரே இடம் அது.

பெயரை மாற்றி உள்ளே கிளிக் செய்தேன். மவுஸின் அம்பைக் காணோம். கண்ட்ரோலோடு எஃப்10 அழுத்தினால் விடுதலை என்பது பிறகு தெரிந்தது. மவுஸை நான் தலைகீழாகத் திருப்பி உதறிக்கொண்டிருந்தபோதுதான் கரண்ட் பில் கட்டச் சொல்ல மனைவி வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கண்ட்ரோலோடு எஃப்11 இன்னும் விசேஷம், அது வேகத்தைக் குறைக்கும். பழைய விளையாட்டுகளில் சில, கணினி ஓடும் வேகத்தையே கடிகாரமாக நம்பி எழுதப்பட்டவை. வேகமான இயந்திரத்தில் விட்டால் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆள் காலி. அந்தக் காலத்துப் பெட்டிகளில் டர்போ பொத்தான் இருந்தது இதற்குத்தான். வேகம் வேண்டுமென்று தவணையில் வாங்கிய இயந்திரத்தை மெதுவாக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். இயல்பாகவே மெதுவாக ஓடிய பழையதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டவனும் நானே.

ஒருவழியாக ஓடியது. அவன் ஓடினான், தாவினான், தரையிலிருந்து எழும்பிய ஈட்டியில் பாய்ந்து செத்தான். திரும்பத் திரும்பச் செத்தான். “பாவம், அவன் என்னப்பா பண்ணினான்?” என்றாள் மகள்.

ஆனாலும் முதல் கட்டத்தைத் தாண்டிவிட்டேன். அடுத்து ஓர் அறை, வரிசையாக மருந்துக் குப்பிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. கையேட்டின் இன்ன பக்கம், இன்ன வரி, இன்ன சொல்லின் முதல் எழுத்துக்குரிய குப்பியைக் குடி என்கிறது. தப்பானதைக் குடித்தால் உயிர் குறையும். திருட்டுப் பிரதியைத் தடுக்கப் போட்ட பூட்டு. மாஸ்டர் வைத்திருந்தது பூட்டு உடைத்த பிரதி, அது எங்களை ஒரு நாளும் கேட்டதில்லை. இந்த வயதில் எனக்கு வாய்த்ததுதான் அசல்.

அந்தக் கையேட்டுக்காகப் பரண் பெட்டிகளைக் குடைந்தேன். மெக்னரே தொலைத்துவிட்ட மூல நிரலை 2012-ல் அவர் அப்பாதான் பழைய பிளாப்பிகளில் கண்டெடுத்துக் கொடுத்தார் என்று மனைவியிடம் சொன்னேன். “அது எழுதினவரோட பிளாப்பி. உங்க பெட்டியில இருக்கிறது அறுந்துபோன சார்ஜர் ஒயர்” என்றாள்.

இணையத்தில் நான் தேடினால் பாரசீகக் கம்பளம் தள்ளுபடி என்று வருகிறது. மகள் தேடித் தருவாளாம். அதற்குக் கூலி, ஒரு மாதம் ராத்திரிப் பாத்திரம் நான் தேய்க்க வேண்டும். ஆகவே உங்களைக் கேட்கிறேன்: அந்தக் கையேடு யாரிடமாவது இருந்தால் தகவல் சொல்லுங்கள். முழுப் புத்தகம்கூட வேண்டாம், ஓர் எழுத்து போதும்.