இருபது வளைவும் ஒரு பூனையும்

ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் நின்று "ரைட்டர் ஐயா" என்று ஒரு குரல் கொடுத்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். காதை மூடிய குரங்குக் குல்லாய், கழுத்தில் மஃப்ளர், சட்டைப் பையில் இரண்டு பேனா. காபித் தோட்டத்தில் ஆள் கணக்கும் பழக் கணக்கும் உரமூட்டைக் கணக்கும் எழுதி ஓய்ந்தவர்கள். வேலையை விட்டாலும் எழுதிய கை சும்மா இருக்காதே. அவர்களில் ஒருசாரார் சகுனக் கணக்கு எழுத ஆரம்பித்துவிடுவார்கள். பல்லி இந்தப் பக்கம் சொன்னால் வரவு, அந்தப் பக்கம் சொன்னால் பற்று. ஒற்றைத் தும்மல் பற்று, இரண்டாவது தும்மல் வந்துவிட்டால் நேர். நிறைகுடம் வரவு. பிணம் எதிரே வந்தால் கேட்கவே வேண்டாம், பெரிய வரவு. கருப்புப் பூனை குறுக்கே போனால் மட்டும் பேரேட்டை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.

இங்கே நான் எழுதப்போகும் ரைட்டர் ஐயா ஒரே ஆள் அல்ல. பீபரியும் பிளாண்டேஷனும் கலந்து அரைத்த காபித் தூள் போல ஐந்தாறு பேரைக் கலந்தவர். சிக்கரி மட்டும் என் கைச்சரக்கு.

அவர் சேலத்துக்குக் கிளம்புவதென்றால் வீட்டில் முன்கூட்டியே பதற்றம் வந்துவிடும். அவர் வீட்டம்மா முதலில் வாசலுக்கு வந்து இரண்டு பக்கமும் பார்ப்பார். விறகுக் கட்டு வருகிறதா, எண்ணெய்த் தூக்கு வருகிறதா என்று பார்த்து, தலையசைத்த பிறகுதான் ஐயா படியிறங்குவார். (இந்தப் பட்டியலில் கைம்பெண்ணையும் சேர்த்து வைத்தார்களே, அதை மட்டும் என்னால் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை. விசேஷ நாட்களில் வாசல் பக்கம் வராமல் பின்கட்டிலேயே காலம் கழித்த அக்காவோ அத்தையோ இல்லாத வீடு நம் ஊரில் எத்தனை? பூனையாவது ஓடிப்போய்விடும்.) படியிறங்கும் நேரம் பார்த்து யாராவது, "எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. செருப்பைக் கழற்றி, உள்ளே போய், ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்து, எல்லாம் மறுபடி முதலிலிருந்து. "தூரமா?" என்று கேட்பதுதான் முறை. பேரனுக்குப் பேச்சு வந்ததும் தாத்தா கற்றுக்கொடுத்த முதல் பாடம் அ, ஆ அல்ல, இதுதான்.

சமவெளியில் இருக்கும் சகுனக்காரருக்கு ஒரு சௌகரியம் உண்டு. பூனை குறுக்கே போனால் திரும்பி நடந்து வீட்டுக்குப் போய்விடலாம். சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். அதில் 14-வது வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் பூனை ஓடினால் எங்கே திரும்புவது? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், பின்னால் முதல் கியரில் முனகிக்கொண்டு வரும் பஸ்.

மாப்பிள்ளை காரை ஓட்டிக்கொண்டிருந்தபோது நடந்தது இது. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளை.

"மாப்ளை, நிறுத்துங்க!"

"என்ன மாமா, வாந்தி வருதா?"

"பூனை. கருப்பு. வலமிருந்து இடம்."

ஐயாவின் சாஸ்திரத்தில் இடமிருந்து வலம் போகிற பூனைக்குப் பாதி மன்னிப்பு உண்டு. வலமிருந்து இடம் போனால் கிடையாது. எதிர்வீட்டுக்காரர் இதை அப்படியே தலைகீழாகச் சொல்வார்; அதனால் இருவருக்கும் பேச்சு குறைவு. ஜெர்மனியிலும் திசை பார்க்கிற பழக்கம் உண்டு என்று ஒருநாள் பேத்தி கைப்பேசியில் படித்துக் காட்டியதிலிருந்து அந்த நாட்டின் மேல் அவருக்குத் தனி மரியாதை.

மாப்பிள்ளை ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "மாமா, பூனை பள்ளத்துப் பக்கமிருந்து வந்து மேல்பக்கம் ஏறிச்சு. நேரா ஏறினா வளைவுக்கு அப்புறம் வர்ற மேல் ரோட்டையும் அது கடக்கணும். அங்க நம்ம முகம் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். அப்போ அதே பூனை இடமிருந்து வலமால்ல போகும்?"

ஐயா பேனாவை எடுத்து, பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் வளைவை வரைந்தார். அம்புக்குறி போட்டார். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். சரிதான். கீழ் ரோட்டில் பற்று, மேல் ரோட்டில் வரவு. வரவுசெலவுக் கணக்கில் இவ்வளவு சுத்தமாக ஒரு நேர் அவர் வேலையில் இருந்த காலத்தில்கூட வந்ததில்லை. முகம் மலர்ந்தது. உடனே வாடியது.

"அது மேல் ரோட்டைக் கடந்துச்சா, இல்ல நடுவுல சில்வர் ஓக் மரத்தடியில உக்காந்துருச்சான்னு யாரு பாத்தா?"

ஆகவே கார் நின்றது. பின்னால் பஸ் நின்றது. பஸ்ஸுக்குப் பின்னால் பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பம், ஏதோ காட்சிமுனை என்று நினைத்து இறங்கிப் படமெடுத்துக்கொண்டது. மேலேறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதை விதி. மேலேறும் வண்டியே ஏற மறுத்தால் என்ன செய்வதென்று அந்த விதியில் இல்லை. கடைசியில் மேலிருந்து மொபெட்டில் ஒருவர் இறங்கி வந்தார். பின்னால் இரண்டு பலாப்பழம் கட்டியிருந்தது. கூட்டத்தைப் பார்த்து, "யாருக்காவது அடிபட்டுருச்சுங்களா?" என்று விசாரித்துவிட்டு, பூனை போன கோட்டைத் தாண்டிக் கீழே போய்விட்டார். "ம், எடுங்க மாப்ளை" என்றார் ஐயா. தோஷம் மொபெட்டோடு அடிவாரத்துக்கு இறங்கிவிட்டது. அதைச் சுமக்க அந்த ஆளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இதற்கு நம்மிடம் பழைய முன்மாதிரியே இருக்கிறது. முல்லைப்பாட்டில் முதிய பெண்கள் ஊருக்கு வெளியே போய், நெல்லையும் முல்லைப் பூவையும் தூவிவிட்டு, விரிச்சி (காதில் விழும் சொல்லைச் சகுனமாகக் கொள்வது) கேட்டு நிற்கிறார்கள். தாயைக் காணாமல் தவிக்கும் கன்றுக்கு ஓர் ஆயர்மகள் ஆறுதல் சொல்வது காதில் விழுகிறது. உன் தாய் இதோ வந்துவிடுவாள் என்கிறாள் அவள். போருக்குப் போன தலைவன் ஜெயித்துத் திரும்புவான் என்று இவர்கள் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். குளிரில் நின்ற அந்தப் பெண்ணுக்குத் தான் போர்ச் செய்தி வாசித்தது தெரியாது. பலாப்பழக்காரர் அவளுடைய பரம்பரை.

ரைட்டர் ஐயாவை மூடநம்பிக்கைக்காரர் என்று பேசுகிறவர்கள் அவரைச் சரியாகக் கவனிக்கவில்லை என்பது என் கட்சி. மனிதர் எதையும் மூடிக்கொண்டு நம்பவில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, தனக்கு வேண்டியதை நம்புகிறார். சேலத்தில் சித்தப்பா பேத்திக்குக் கல்யாணம், மொய் கொஞ்சம் கனமாக வைத்தாக வேண்டும் என்கிற நாளில், விடியற்காலைப் பனியில் வாசலைக் கடந்தது எதுவாக இருந்தாலும் கருப்புப் பூனைதான். ஏற்காட்டுப் பனியில் எதிரே வரும் லாரியே தெரியாது. பூனையின் நிறம் மட்டும் அவருக்குத் துல்லியமாகத் தெரியும். காபி விற்ற பணம் வாங்கப் போகிற நாளில் கதையே வேறு. காலடியில் கன்னங்கரேல் என்று ஒன்று ஓடும். "வெயில்ல பாருங்க கண்ணு, அது கருப்பா? காப்பிக்கொட்டை நிறம்ல" என்பார். அதிலும் உண்மை இருக்கிறது. கருப்புப் பூனை வெயிலில் நிறையக் கிடந்தால் அதன் முடி செம்பட்டையாக வெளுக்கும். ராத்திரியில் என்றால் சந்தேகத்தின் பலனை மரநாய்க்குக் கொடுத்துவிடுவார். காபிப் பழம் தின்ன வருகிற மரநாயும் கருமையாகத்தான் இருக்கும், பூனை போலத்தான் பதுங்கிப் போகும். அதற்கு எந்தப் பஞ்சாங்கத்திலும் பலன் போடவில்லை. காட்டெருமை ரோட்டில் நின்றால் அதற்கும் பலன் போடவில்லைதான். ஐயா இறங்கி, "ஹோய்" என்று விரட்டப் பார்ப்பார். மாப்பிள்ளைதான் சட்டையைப் பிடித்து உள்ளே இழுக்க வேண்டும்.

1820-களில் சேலத்துக் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காபியைக் கொண்டுவந்து வைத்தார். அவருக்குப் பின்னால் துரைமார்கள் வந்தார்கள், பங்களாக்கள் வந்தன. பிரிட்டனில் பல இடங்களில் கருப்புப் பூனை குறுக்கே போனால் அதிர்ஷ்டம். ஒரே பூனை ஒரே காலையில் பங்களாவுக்கும் களத்துக்கும் நடுவே ஓடியிருந்தால் துரை சீட்டியடித்துக்கொண்டு குதிரை ஏறியிருப்பார், ரைட்டர் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்திருப்பார். இரண்டு பேரில் யாருக்குப் பலித்தது என்று பார்த்தால் விடை வில்லங்கமானது: தோட்டம் துரை பேரில்தான் இருந்தது. ஐயாவிடம் இதைச் சொன்னேன். "அதைத்தானே சொல்றேன்! பூனை அவனுக்கு நல்லது பண்ணுச்சுன்னா நமக்குக் கெட்டதுதானே?" என்றார். வரலாற்றை இவ்வளவு சுருக்கமாக எழுதிய புத்தகம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

ஐரோப்பா முழுவதும் ஒரே கருத்தில் இருந்ததாக நினைக்க வேண்டாம். 1233-ல் போப் ஒன்பதாம் கிரிகோரி ஜெர்மனிக்கு அனுப்பிய கடிதத்தில், சமய விரோதிகளின் ரகசியக் கூட்டங்களில் கருப்புப் பூனை வருவதாக வருணித்திருக்கிறார். அதைப் படித்துவிட்டுத்தான் பூனைகளையெல்லாம் கொன்றார்கள், எலி பெருகிப் பிளேக் வந்தது என்று வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுகிறது. சரித்திரக்காரர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. வங்காளத்தில் குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவிக்குப் பூனைதான் வாகனம். திருடித் தின்றுவிட்டுக் கருப்புப் பூனை மேல் பழி போட்ட மருமகளை அந்தப் பூனையே தண்டித்ததாகக் கதை. நம் மாமல்லபுரத்துப் பாறையில் பூனை பின்னங்காலில் நின்று தவம் செய்கிறது, எலிகள் கும்பிடுகின்றன. டெல்லியோ 1984-ல் ஒரு கமாண்டோ படை ஆரம்பித்து அதற்குக் கருப்புப் பூனைப் படை என்றே பேர் வாங்கிவிட்டது. ராகுகாலம் பார்த்து வேட்புமனு கொடுக்கிற தலைவர்கள்கூட அந்தப் பூனைகள் முன்னும் பின்னும் குறுக்கும் ஓடினால்தான் கௌரவம் என்று நினைத்த காலம் உண்டு.

மாப்பிள்ளை ஒருமுறை அறிவியலைக் கையில் எடுத்தார். 1948-ல் ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் பசித்த புறாக்களைக் கூண்டில் விட்டார். அவை என்ன செய்தாலும், செய்யாவிட்டாலும், குறித்த இடைவெளியில் தீனி வந்தது. தீனி வந்த நேரத்தில் தற்செயலாகச் சுற்றிக்கொண்டிருந்த புறா, சுற்றினால்தான் தீனி வரும் போலிருக்கிறது என்று சுற்றிக்கொண்டே இருந்தது. இன்னொன்று தலையைத் தலையை ஆட்டியது. "நாமளும் அந்தப் புறாதான் மாமா" என்று முடித்தார்.

ஐயா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சுத்தின புறாவுக்குத் தீனி வந்துச்சா, இல்லையா?" என்றார்.

"வந்துச்சு."

"அப்புறம் என்னங்க!"

இவ்வளவுக்கும் அவர் வீட்டிலேயே ஒரு கருப்புப் பூனை இருக்கிறது. மிளகு மூட்டையும் காபி மூட்டையும் அடுக்கிய வீட்டில் எலித் தொல்லை தாங்காமல் அம்மா கொண்டுவந்து வளர்த்தது. கருப்பாயி என்று பேர். தினமும் காலையில் அவர் காலடியிலேயே இடமிருந்து வலமும் வலமிருந்து இடமுமாக நெய்துகொண்டிருக்கும். சாஸ்திரம்? "வீட்டுப் பூனைக்குச் சகுனம் கிடையாதுங்க. அது ரேஷன் கார்டுல பேரு இல்லாத குடும்பத்து ஆளு." கல்யாணம் காட்சிக்குக் கிளம்பும்போது அதை யாராவது அறையில் அடைத்துப் பூட்டினால் அவருக்குக் கோபம் வரும்.

ஒரு சனிக்கிழமை காலை, எதிர்வீட்டுக்காரர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கையில் பையோடு கேட்டைத் திறந்தார். கருப்பாயி சாவகாசமாக அவர் முன்னால் ரோட்டைக் கடந்து, நடுவில் நின்று, பின்னங்காலை நக்கிவிட்டுப் போனது. வலமிருந்து இடம். அவருடைய சாஸ்திரத்தில் அது பாதி மன்னிப்புதான், ஆனாலும் மீதிப் பாதிக்கு அவர் நின்றுவிட்டார். முதலில் யாராவது தாண்டட்டும் என்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒருவரும் இல்லை.

நம் ஐயா திண்ணையிலிருந்து இதைப் பார்த்தார். ரோஷம் வந்துவிட்டது. "எங்க கருப்பாயியால யாருக்கும் ஒரு குறையும் வராதுங்க" என்று இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பூனை போன கோட்டை விறுவிறுவென்று அவரே தாண்டி, மறுபடி இந்தப் பக்கம் தாண்டிக் காட்டினார். எதிர்வீட்டுக்காரர் முகத்தில் நிம்மதி. பல நாள் பேச்சில்லாத இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் ஐயாவுக்கு வாய் தவறிவிட்டது.

"அது சரி, காலங்காத்தால எங்க கிளம்பிட்டீங்க?"

எதிர்வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் குடிக்க உள்ளே போனார்.