கல்மரத்துக்கு உள்ள மரியாதை

திருவக்கரையில் ஏறக்குறைய 2 கோடி ஆண்டுப் பழைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை பூங்கா அமைத்துக் காக்கிறது. என் வீட்டுக் கணினிக்கு வயது பதினான்குதான். அதைத்தான் யாரும் மதிப்பதில்லை.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. 11-ஐ ஏற்றலாமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டுமாம். செவ்வாய் எந்தக் கட்டத்தில் என்று விசாரிக்கும் மாப்பிள்ளை வீட்டார் தோரணை!

லினக்ஸுக்குத் தாவ, அதைப் பென் டிரைவில் எழுதிச் செருகினேன். மூன்று முறை முயன்றும் பழைய விண்டோஸே எழுந்து வந்து வணக்கம் சொன்னது. பயாஸில் பூட் வரிசையை நான் மாற்றவே இல்லை. வரிசை என்றால், திருவக்கரைச் சந்திரமௌலீஸ்வரர் கோயிலில் கோபுரம், கொடிமரம், நந்தி ஒரே நேர்க்கோட்டில் இருக்காது. அங்கே அது தலச்சிறப்பு. நான்காம் முறை கறுப்புத்திரை. பென் டிரைவைப் புதிய கணினிகளுக்கான யூஇஎஃப்ஐ முறையில் எழுதியிருக்கிறேன். என் கணினியோ பழைய பயாஸ் காலத்து ஜென்மம். மாற்றி எழுதினேன், ஏறிவிட்டது.

தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்தப் பக்கம் எட்டிப்பார்த்த ஒருவரையும் நான் கண்டதில்லை.

இப்போது கணினி நன்றாக ஓடுகிறது. வைஃபை மட்டும் வரவில்லை.