பிளாட்பாரத்தில் சைக்கிள் ஓட்டலாமா?

கேள்வி: லாரிக்குப் பயந்து பிளாட்பாரத்தில் சைக்கிள் ஓட்டினால் குற்றமா?

பதில்: நடைபாதையில் மோட்டார் வாகனம் ஓட்டக் கூடாது என்பதில் சட்டத்துக்குக் குழப்பமே இல்லை. சைக்கிள் விஷயத்தில்தான் அது வாய் திறக்கத் தயங்குகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி மிதிவண்டி மோட்டார் வாகனமே அல்ல. அதற்கு லைசென்ஸும் இல்லை, நம்பர் பிளேட்டும் இல்லை. 2019-இல் வந்த திருத்தம் 138-ஆம் பிரிவில் ஒரு உட்பிரிவைச் சேர்த்தது. மோட்டார் இல்லாத வண்டிகளும் நடப்பவர்களும் சாலையைப் பயன்படுத்துவது பற்றி மாநில அரசுகள் விதி வகுக்கலாம் என்றது அது. சாலைப் பாதுகாப்புக்காகக் கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-இல் தொடுத்த வழக்கில், அந்த விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. சைக்கிளுக்கு எங்கே இடம் என்ற கேள்விக்கு நேரான பதில் அந்த விதிகளில்தான் எழுதப்பட வேண்டும்.

கேள்வி: பிளாட்பாரத்தில் பைக் ஏறுகிறது, டிபன் கடை ஏறுகிறது, டிரான்ஸ்ஃபார்மர் ஏறி நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. சைக்கிள் ஏறினால் மட்டும் என்ன தப்பு?

பதில்: தப்புதான். நடப்பவருக்கு அதைவிட்டால் வேறு இடம் கிடையாது. 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நடந்து சென்றவர்கள் மட்டும் 32,825 பேர். நடப்பவரின் வேகம் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் என்றால், நிதானமாக மிதிப்பவரின் வேகம் பதினைந்து. பின்னாலிருந்து மணி அடித்தால் காது மந்தமான பாட்டி எந்தப் பக்கம் ஒதுங்குவார் என்று யாராலும் சொல்ல முடியாது. சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் கணக்குப்படி நடைபாதையில் தடையின்றி நடக்க 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும். எதிரெதிரே வரும் இரண்டு பேர் உரசாமல் போக அது சரியாக இருக்கும். அதில் அரை மீட்டருக்கு மேல் ஹேண்டில்பாரே எடுத்துக்கொள்ளும். நடைபாதை என்பது உயிர்வாழும் உரிமையோடு சேர்ந்தது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னதும் நடப்பவரை மனத்தில் வைத்துத்தான்.

கேள்வி: அதற்காகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையை லாரிக்கு முன்னால் தள்ளிவிடுவதா?

பதில்: கூடவே கூடாது. பிள்ளைகளையும் முதியவர்களையும் பெரியவர்களின் கணக்கில் சேர்க்க முடியாது. ஜெர்மனியில் எட்டு வயது வரையுள்ள குழந்தை நடைபாதையில்தான் ஓட்ட வேண்டும், பத்து வயது வரை ஓட்டலாம்; சாலையைக் கடக்கும்போது இறங்கிவிட வேண்டும். ஜப்பானில் பதின்மூன்று வயதுக்குக் கீழும், எழுபதிலும் அதற்கு மேலும் அனுமதி உண்டு. நடப்பவருக்கு வழிவிட்டு மெதுவாகப் போக வேண்டும். பிரிட்டனில் 1835-ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடைபாதைச் சவாரியைத் தடுக்கிறது. ஆனாலும் 1999-இல் உடனடி அபராதம் வந்தபோது, போக்குவரத்துக்குப் பயந்து பொறுப்போடு ஏறியவர்களிடம் கெடுபிடி காட்ட வேண்டாம் என்று உள்துறை அமைச்சகம் போலீஸிடம் சொன்னது. சிங்கப்பூர் எல்லாரையும் அனுமதித்தது, வேகத்தை மட்டும் மணிக்குப் பத்து கிலோமீட்டராகக் கட்டியது. தமிழ்நாட்டு விதிக்கு ஜப்பானிய முறையே பொருந்தும்: வயதைப் பார்த்து அனுமதி, நடையின் வேகம், கூட்டம் இருந்தால் இறங்கித் தள்ளுதல்.

கேள்வி: பிளாட்பாரத்தில் ஏறிவிட்டால் ஆபத்து தீர்ந்ததா?

பதில்: சந்து முனை வரைக்கும்தான். திரும்பும் காரோட்டி சாலையைப் பார்ப்பார், நடைபாதையிலிருந்து வேகமாக இறங்கும் சக்கரத்தை எதிர்பார்க்க மாட்டார். கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகர விபத்துகளை ஆராய்ந்து 1994-இல் வெளியான ஆய்வில், நடைபாதையில் ஓட்டியவர்களுக்குச் சந்திப்புகளில் மோதல் அபாயம் சாலையில் ஓட்டியவர்களைவிட 1.8 மடங்காக இருந்தது.

கேள்வி: உத்திரமேரூர் அருகே திருப்புலிவனம் பக்கம் பிளாட்பாரமே கிடையாதே, இந்த வாதமெல்லாம் யாருக்கு?

பதில்: காஞ்சிபுரம்–உத்திரமேரூர் சாலை போன்ற ஊர்ப்புறச் சாலைகளில் நடைபாதையின் வேலையைச் செய்வது மண் ஓரம். நடப்பவர், சைக்கிள்காரர், ஆட்டுக்குட்டி, பஸ்ஸுக்கு நிற்பவர் எல்லாருக்கும் அதுவே இடம். உத்திரமேரூர் வட்டாரத்துக் கல் குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் உரசுகிற மாதிரி கடந்தால் அந்தக் காற்றிலேயே ஹேண்டில்பார் ஆடும். அப்போது ஓரம் கட்ட வேண்டும். கட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. பழைய தார்மேல் புதுத் தார் போடும்போதெல்லாம் சாலை உயர்கிறது. ஓரத்தில் மண் கொட்டிச் சமன் செய்யாவிட்டால் விளிம்பில் ஒரு படி உருவாகிறது. இறங்கினால் முன்சக்கரம் வழுக்கும். மறுபடி ஏறப் பார்த்தால் டயர் விளிம்பில் உரசிப் பிடித்துக்கொள்ளும், பிள்ளை சாலைப் பக்கமாகவே விழும். அறுவடைக் காலத்தில் தார்மேல் நெல் காயப் போட்டால் சைக்கிளுக்கு மிச்சமிருப்பது நடுச்சாலை ஒன்றே.

அந்தச் சைக்கிளைக் கொடுத்ததே அரசுதான். 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், 2005-06-இல் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் விரிந்தது. வண்டியைக் கொடுத்த கைக்கு, அது போக ஓரத்தைச் சமன் செய்து கொடுக்கும் கடமையும் உண்டு.

கேள்வி: சைக்கிளுக்குத் தனிப் பாதை போட்டால் முடிந்ததல்லவா?

பதில்: போட்டால் போதாது, காக்கவும் வேண்டும். மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று சென்னை மாநகராட்சி 2014-இலேயே கொள்கை வகுத்தது. ஆனாலும் ராஜீவ் காந்தி சாலையோரம் போட்ட சைக்கிள் பாதையில் வண்டிகளே நின்றன. ஊர்ப்புறத்துக்கு அவ்வளவு செலவும் வேண்டாம். பள்ளி, பஸ் நிறுத்தம், சந்தை இருக்கும் நீளத்துக்கு ஓரத்தை விளிம்புவரை உயர்த்தி இறுக்குவது, ஊருக்குள் வேகத்தடை, பள்ளி தொடங்கும், விடும் நேரங்களில் டிப்பருக்குத் தடை ஆகிய மூன்றுமே பெரும்பாலான ஆபத்தைக் குறைக்கும்.

கேள்வி: இதை யாரிடம் கேட்பது?

பதில்: சாலை நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் இருந்தால் அதன் உதவிக் கோட்டப் பொறியாளரிடம், லாரி நேரக் கட்டுப்பாட்டுக்கு மாவட்ட ஆட்சியரிடமும் காவல் துறையிடமும். தனி மனுவைவிடக் கிராம சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு அதிகம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை சபை கூடும் நாட்கள். எந்த இடத்தில் எவ்வளவு நீளத்துக்கு ஓரம் பள்ளமாக இருக்கிறது என்று அளந்து, படம் எடுத்து, தீர்மானத்தோடு இணைத்து அனுப்ப வேண்டும்.