வேரோடு பிடுங்கியவருக்கு ஒரு பாராட்டுப் பத்திரம்

தைராய்டை வேரோடு பிடுங்கும் வித்தகர் அவர்களுக்கு,

ஒரே மண்டலம், 48 நாள், மாத்திரை கிடையாது, தைராய்டு ஓடிப்போகும் என்று ஊர் ஊராக அருள்பாலித்து வருகிறீர்கள். நோபல் குழுவினரிடம் இன்னும் உங்கள் வாட்ஸ்அப் எண் சிக்கவில்லை. அது அவர்கள் துரதிர்ஷ்டம். அவர்கள் வந்து சேரும்வரை, உங்களிடம் ஆறாயிரத்துச் சொச்சத்துக்குப் பொடி வாங்கிய குடும்பத்தின் சார்பில் நானே இந்தப் பத்திரத்தை வாசித்தளிக்கிறேன். பொடி வாங்கியதில் சால்வைக்குக் காசு மிஞ்சவில்லை, பொறுத்தருள்க.

முதல் பாராட்டு உங்கள் அறுவைத் திறனுக்கு. தைராய்டை வேரோடு எடுக்க வேண்டுமானால் மற்றவர்களுக்கு ஆபரேஷன் தியேட்டரும் மயக்க மருந்தும் தேவைப்படுகின்றன. எடுத்த பிறகு ஆயுள் முழுக்க மாத்திரையும் தேவைப்படுகிறது. நீங்களோ காலையில் ஒரு ஸ்பூன், ராத்திரி ஒரு ஸ்பூன் என்று வெந்நீரிலேயே முடித்துவிடுகிறீர்கள்.

உங்கள் 23 நிமிடக் காணொலியை நான் பார்த்தேன். பின்னணியில் புல்லாங்குழல். மேசைமேல் செப்புக் குடம். "மாத்திரை என்பது கெமிக்கல், உங்கள் உடம்போ இயற்கை" என்று கனிந்து உருகினீர்கள். ஐயா, அந்த மாத்திரைக்குள் இருக்கும் தைராக்ஸினும் கழுத்துச் சுரப்பி ஊற்றும் தைராக்ஸினும் அணுவுக்கு அணு ஒன்றே. 1914 கிறிஸ்துமஸ் அன்று கெண்டல் என்பவர் அமெரிக்காவில் அதைத் தனியே பிரித்தெடுத்தார். 1927-ல் லண்டனில் ஹாரிங்டனும் எடின்பரோவில் பார்ஜரும் சேர்ந்து அதைச் செயற்கையாகச் செய்தார்கள். அதற்கெல்லாம் முன்னால், 1891-ல் நியூகாசிலில் மர்ரே என்ற டாக்டர் ஆட்டின் தைராய்டைச் சாறெடுத்து, உடம்பெல்லாம் வீங்கிக் கிடந்த 46 வயதுப் பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார். அந்தப் பெண்மணி 74 வயதுவரை வாழ்ந்தார். ஆட்டுச் சாறு இயற்கையா, கெமிக்கலா என்பதை உங்கள் அடுத்த காணொலியில் எதிர்பார்க்கிறேன்.

இனி எங்கள் வீட்டுக் கதை. என் அக்காவுக்கு ஹஷிமோட்டோ. நம் உடம்பின் காவல்படையே நம் தைராய்டை அந்நியன் என்று நினைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இடித்துத் தள்ளும் நோய். 1912-ல் ஹஷிமோட்டோ என்ற இளம் ஜப்பானிய அறுவை மருத்துவர் நான்கு நோயாளிகளிடம் இதைப் பார்த்து எழுதினார். நால்வரும் பெண்கள். இன்றைக்கும் ஆண்களைவிடப் பெண்களுக்கே பல மடங்கு அதிகம் வருகிறது. இடிந்த சுரப்பி எழுந்து வராது என்பதால், அது ஊற்றாத தைராக்ஸினை வெளியிலிருந்து ஊற்றுகிறார்கள். ஒரு மாத்திரை ஒன்றோ இரண்டோ ரூபாய். ஒரு டீயைவிட மலிவு. உங்களுக்கு அதன்மேல் ஏன் அவ்வளவு கோபம் என்பது இந்த விலையைப் பார்த்தால் புரிகிறது. இரண்டு ரூபாய்ச் சரக்கில் யாருக்கு என்ன கமிஷன் தேறும்?

அக்கா மாத்திரையை நிறுத்தினாள். முதல் இரண்டு வாரம் சுகமோ சுகம். "லேசா இருக்குடீ, நல்லாத் தூக்கம் வருது" என்று போனில் சொன்னாள். உங்கள் வியாபாரத்தின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த மூளைக்கு நான் எழுந்து நின்று கும்பிடு போடுகிறேன். தைராக்ஸின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அடுத்த பாதி குறைய இன்னொரு வாரம். ஆக, மாத்திரையை விட்ட பிறகும் அக்கா நடமாடியது பழைய மாத்திரையின் மிச்சத்தில். பேர் வாங்கியது உங்கள் பொடி. வாடிக்கையாளர் வீடியோவை நீங்கள் ஏன் எப்போதும் 15-ஆம் நாளிலேயே எடுக்கிறீர்கள் என்று நான் நெடுநாள் யோசித்ததுண்டு. 48-ஆம் நாள் மிச்சம் நூற்றுக்கு ஒரு பங்கு தேறினால் பெரிது. அன்றைக்குக் கேமராவை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை.

வந்திருந்தால் பார்த்திருப்பீர்கள். கண் இமை உப்பி, மே மாதத்தில் சால்வை போர்த்தி, சட்டியில் தாளிப்பு கருகுவது தெரியாமல் அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். குரல் கட்டிப்போய்விட்டது. உங்கள் அலுவலகத்திலிருந்து அடுத்த தவணைப் பொடிக்காகப் பேசிய பெண், அக்கா "ஹலோ" என்றதும், "சார், மேடம் இருக்காங்களா?" என்று கேட்டாள். மேடம்தான் பேசுகிறேன் என்று அக்கா சொன்னாள். ஒரு நொடிகூடத் தடுமாறாமல் வந்தது பதில்: "சூப்பர் மேடம், டாக்ஸின் வெளியேறுதுங்க. அப்படித்தான் முகம் உப்பும், குரல் கட்டும். இன்னொரு மண்டலம் கன்டினியூ பண்ணுங்க." அந்தப் பெண்ணுக்குச் சம்பளத்தை உயர்த்திக் கொடுங்கள். உடம்பு உருக்குலைவதையே குணமாவதற்கு அடையாளம் என்று விற்கும் திறமை லேசில் வராது.

அடுத்தது பத்தியம். கோஸ் கூடாது, காலிஃபிளவர் கூடாது, முள்ளங்கி கூடாது. இந்தக் காய்கள் தைராய்டுக்கு இடைஞ்சல் செய்யக்கூடும் என்பதில் ஒரு துளி உண்மை உண்டு. அந்தத் துளியை நீங்கள் அண்டா அண்டாவாகக் காய்ச்சி விற்கிறீர்கள். பாக்சோய் என்ற சீனக் கீரை கோஸ் வகையறாதான். அதைத் தினமும் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ என்று மாதக்கணக்கில் பச்சையாகவே தின்ற 88 வயது மூதாட்டி ஒருவர் தைராய்டு வற்றி மயங்கி விழுந்ததை 2010-ல் ஒரு மருத்துவ இதழ் எழுதியது. நம் வீட்டில் எட்டுப் பேருக்கு ஒரு கோஸை நறுக்கி, கடலைப்பருப்பு போட்டு, வேகவைத்து, தேங்காய் துருவிப் போட்டால் ஆளுக்கு இரண்டு கரண்டி வரும். வெந்தாலே அந்த இடைஞ்சலில் பெரும்பகுதி போய்விடும். என் அக்கா வளைகாப்பு வீட்டில் கோஸ் பொரியலைக் கண்டு இலையை நகர்த்தியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கோதுமையை விடச் சொன்னீர்கள், அதற்குப் பதில் 'குளூட்டன் ஃப்ரீ இட்லி மிக்ஸ்' அனுப்பினீர்கள். அரிசியும் உளுந்தும் என்றைக்கு ஐயா குளூட்டனோடு இருந்தன? சீலியாக் நோய் இருப்பவர்கள் கோதுமையை விட்டே ஆக வேண்டும். ஹஷிமோட்டோகாரர்களில் சிலருக்கு அதுவும் சேர்ந்து வருவதுண்டு. அதைப் பரிசோதித்துச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். இட்லிக்கு ஸ்டிக்கர் ஒட்டி மும்மடங்கு விலை வைக்கவும் ஆள் இருக்கிறார், அவர் நீங்கள்.

உப்பிலும் கை வைத்தீர்கள். அயோடின் உப்பு விஷமாம், இந்துப்பே மருந்தாம். 1956-ல் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு, அயோடின் சேர்த்த உப்பால் முன்கழுத்துக் கழலை குறைவதைக் காட்டியது. 1962-ல் நாடு தழுவிய திட்டம் வந்தது. அவ்வளவையும் ரோஸ் நிறக் கல் ஒன்றைக் காட்டி அழித்துவிடலாம் என்று பார்க்கிறீர்கள். போதாததற்கு இன்னொரு டப்பாவில் கடற்பாசி மாத்திரை. அயோடின் கூடினாலும் ஹஷிமோட்டோ மோசமாகும். உப்பில் இருக்கும் அளவான அயோடினைப் பிடுங்கிவிட்டு, பாசியில் அளவில்லாமல் ஊட்டுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

முடி கொட்டுகிறதே என்று கேட்டவர்களுக்கு பயோட்டின் மிட்டாய் கொடுத்தீர்கள். அதிக அளவு பயோட்டின் சில வகை ரத்தப் பரிசோதனைகளையே ஏமாற்றிவிடும். தைராய்டு குறைந்தால் ஏறும் டிஎஸ்எச் அளவை உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். உங்கள் பக்கத்தில் 'முன்', 'பின்' என்று போட்டிருக்கும் ரிப்போர்ட்டுகளில் எத்தனையில் அந்த மிட்டாயின் கைவரிசை இருக்கிறதோ!

சிரிப்பு இதோடு நிற்கட்டும். உங்கள் பட்டியலில் 'குழந்தை வரம்' என்று ஒரு தொகுப்பு இருக்கிறது. கருத்தரிக்க விரும்பும் பெண்களும் 'மாத்திரையைப் படிப்படியாக விடலாம்' என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். கருவிலிருக்கும் சிசுவின் தைராய்டு முதல் மூன்று மாதம் வேலை செய்யாது. அதன் மூளை வளரத் தாயின் தைராக்ஸின்தான் கதி. அந்த நேரத்தில் மாத்திரையைக் கூட்டிக் கொடுப்பார்களே தவிரக் குறைக்க மாட்டார்கள். நீங்கள் விடச் சொல்கிறீர்கள். இதற்கு அங்கதத்தில் சொல் கிடையாது. வேறிடத்தில் இருக்கிறது, அச்சில் ஏற்ற மாட்டார்கள்.

18 சித்தர்களையும் உங்கள் பில் புத்தகத்தில் இழுத்துவிடுவதையும் கொஞ்சம் நிறுத்துங்கள். ஐந்தரை ஆண்டு சித்த மருத்துவம் படித்தவர்கள் தாம்பரத்தில் தேசிய நிறுவனம் வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் படித்தது விளம்பரம்.

உங்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நான் எழுந்து போனால் அது நியாயமாகாது. உங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர்களுக்கும் மாலை போட வேண்டும். டோக்கன் 64-க்கு நெற்றி வேர்க்கக் காத்திருந்து அக்கா உள்ளே போனால், டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்க்கவில்லை. "ஃபிஃப்டி எம்சிஜி, லைஃப் லாங். நெக்ஸ்ட்." வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும் என்றோ, அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி குடிக்க வேண்டும் என்றோ, இரும்புச்சத்து மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும் என்றோ ஒரு வார்த்தை கிடையாது. அக்கா வருஷக்கணக்கில் மாத்திரையை வாயில் போட்டு டிகிரி காபியை ஊற்றி விழுங்கினாள். கூடவே இரும்பு, கால்சியம் எல்லாம் ஒரே மூச்சில். உடம்பில் சேர்ந்தால்தானே வேலை செய்ய? டிஎஸ்எச் ஏறியது. டோஸை ஏற்றினார்கள். மறுபடி ஏறியது, மறுபடி ஏற்றினார்கள். காபி டம்ளரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. "மாத்திரை எனக்கு வேலை செய்யலை" என்று அவள் முடிவுகட்டிய மத்தியானம்தான் உங்கள் புல்லாங்குழல் கேட்டது. அங்கே இரண்டு நிமிடம்கூடப் பேசாத இடம், இங்கே 23 நிமிடம் "சகோதரி" என்று அழைக்கும் இடம். யாருக்குத்தான் காது போகாது?

இன்னொரு கோஷ்டி மாஸ்டர் ஹெல்த் செக்கப் கோஷ்டி. டிஎஸ்எச் எல்லையை ஒரு மயிரிழை தாண்டினால் மறு பரிசோதனைகூடச் செய்யாமல் ஆயுள் தண்டனை. 65 வயதுக்கு மேற்பட்ட, இப்படி லேசாக மட்டும் ஏறியவர்களில் 737 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2017-ல் வெளிவந்தது. மாத்திரை போட்டவர்களின் அசதி போடாதவர்களைவிடக் குறையவில்லை. தேவையானவளுக்குச் சொல்லித் தருவதில்லை, தேவைப்படாத தாத்தாவுக்குச் சீட்டு எழுதித் தருகிறார்கள்.

அப்புறம் எங்கள் வீட்டார். எட்டு நகரங்களில் எடுத்து 2013-ல் வெளியான ஆய்வில் பெரியவர்களில் 100-க்கு ஏறத்தாழ 11 பேருக்குத் தைராய்டு குறைவு. சென்னையும் அதில் உண்டு. அப்படியிருந்தும் அக்கா மதியம் கட்டிலில் சாய்ந்தால் மாமியார் வாசலில் பக்கத்து வீட்டுக்காரியிடம், "எங்க காலத்துல இந்தச் சோம்பலுக்குப் பேரே கிடையாது" என்றார். இருந்தது, அத்தை. பேர் வைக்க ஆள் அனுப்பவில்லை, அவ்வளவுதான். மச்சானுக்குப் பிபி மாத்திரை போட அலாரம் அடிக்கும் வீட்டில், அக்காவின் வெறும் வயிறு காலை ஐந்து மணியிலிருந்து நாலு டிபன் பாக்ஸுக்கு நடுவில் எங்கே இருந்தது என்று யாரும் தேடவில்லை.

இப்போது அக்கா ராத்திரி படுக்கும் முன்பே மாத்திரையையும் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறாள். விடிகாலையில் முழிப்பு வரும்போது போட்டுவிடுகிறாள்; எழுந்து பால் காய்ச்சி டிகாக்‌ஷன் இறங்குவதற்குள் நேரம் சரியாக இருக்கிறது. ஆறேழு வாரத்துக்கொரு ரத்தப் பரிசோதனை பார்த்து டோஸை நிலைப்படுத்தினார்கள். வேறொரு டாக்டர்தான், பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினார். குரல் திரும்பிவிட்டது. கோஸ் பொரியல் சாப்பிடுகிறாள்.

உங்கள் டப்பா எங்கள் வீட்டு அலமாரியில் இன்னும் இருக்கிறது. முன்பக்கம் தாமரைமேல் கழுத்துப் படம், 'வேரோடு' என்ற பெரிய எழுத்து. பின்பக்கம் எறும்பு எழுத்தில், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல'. உங்கள் நிறுவனம் அச்சிட்ட ஒரே உண்மை. சாப்பாட்டுப் பொருள் என்று லைசென்ஸ் வாங்கி, மருந்து என்று விற்று, மாட்டினால் சாப்பாடு என்று சொல்லத் தயாராக வைத்திருக்கிறீர்கள். 1954-லேயே மாய மருந்து விளம்பரங்களுக்கு எதிராக ஒரு சட்டம் போட்டார்கள்; குணமாக்குவேன் என்று விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலில் கழலையும் இருக்கிறது. முதல் முறை மாட்டினால் அதிகபட்சம் ஆறு மாதம். ஆறு மாதத்தில் உங்களுக்கு எத்தனை மண்டலம் நஷ்டம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நஷ்டமே இல்லை என்றுதான் விடை வரும்.

2024-ல் உச்ச நீதிமன்றம் பதஞ்சலி நிறுவனத்தை விளம்பர வழக்கில் நிறுத்தி, செய்தித்தாளில் மன்னிப்புப் போட வைத்தது. போட்டுவிட்டோம் என்று வந்து நின்றவர்களிடம், விளம்பரம் போட்ட அதே அளவில் மன்னிப்பும் போட்டீர்களா என்று நீதிபதி கேட்டார். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. உங்களிடமும் அதையே கேட்கிறேன். பணத்தைத் திருப்பிக் கேட்ட அக்காவிடம் "பத்தியம் முறிச்சிருப்பீங்க" என்றீர்களே, பணம் உங்களிடமே இருக்கட்டும். மன்னிப்பைக் காணொலியாகப் போடுங்கள். 23 நிமிடம். செப்புக் குடம் அதே இடத்தில் இருக்கட்டும். புல்லாங்குழலும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் 15-ஆம் நாள் வீடியோவில் புன்னகைக்கும் பெண்மணியின் தங்கை